வின்ச்சுக்கு கம்பி கேபிளா, சிந்தெடிக் ரோப்பா? மலைநாட்டு ரோட்டுல வண்டி வச்சிருக்கவங்களுக்கு

வண்டியில மாட்டி, கயிற சுத்தி பாரம் இழுக்கிற மெஷின்தான் வின்ச். புதுசா அத போடுறவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது எது ஸ்ட்ரோங், கேபிளா ரோப்பான்னுதான். அது தேவையே இல்லாத கேள்வி. ஒரே மொத்தத்துல, அதாவது ஒரே தடிப்புல, எடுத்துப் பாத்தா சிந்தெடிக்தான் பலம் கூட, 9.5 மில்லிமீட்டர் கம்பி கேபிள் சுமார் 6.5 டன்ல அறுந்தா அதே மொத்தத்துல நல்ல சிந்தெடிக் ரோப் 8 டன் கிட்ட நிக்கும், ஆனா 9,500 ராத்தல் வின்ச் ஒண்ணு இழுக்கிறதே 4.3 டன்தானே, அதுக்கு ரெண்டும் தாராளம். கேக்க வேண்டியது வேற. கயிறு எதுல உரசப்போகுது, ஒரே எடத்துல எத்தன தடவ மடியப்போகுது, எங்க சூடாகப்போகுது. இதுக்கு பதில் தெரிஞ்சா எத வாங்குறதுன்னு தானா வெளங்கிரும்.

நான் சொல்றது நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா, வெலிமடை பக்கம் ஜீப்பு, டபல் கெப், சின்ன ஃபோர் வீல் ட்ரெக்டர் வச்சிருக்கவங்களுக்கு. லேண்ட்மாஸ்டருக்கு வின்ச் போடுறது தனிக்கதை, அத இதுக்குள்ள இழுக்கல.

படி 1: வின்ச்சுக்கு என்ன வேலைன்னு முடிவு பண்ணுங்க

நம்ம பக்கம் வின்ச்சுக்கு வர்ற வேலை மூணுதான். சேத்துல எறங்குன வண்டிய, இல்லாட்டி ரோட்டுல இருந்து கீழ தேயிலைக்குள்ள சறுக்குன வண்டிய மேல எடுக்கிறது. விழுந்த மரத்த, வெட்டுன கட்டைய இழுக்கிறது. மூணாவது, முன்னுக்கு மண் தள்ளுற பிளேட் ஒண்ணு அடிச்சு மாட்டி அத தூக்கி எறக்குறது. மழைக்கு ரோட்டுல மண் வந்து நின்னா பெக்கோ வர்ற வரைக்கும் காத்திருக்க ஏலாது, கொழுந்து ஃபெக்டரிக்கு போகணும், மரக்கறி லொறி ராவைக்கே கெளம்பணும், அதுக்காக பிளேட் போடுறவங்க இருக்காங்க. பெரிய மண்சரிவுக்கு இத நம்பி போயிராதீங்க, மேல மலை இன்னும் ஆடுதுன்னா தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து பாக்குற வரைக்கும் அந்தப் பக்கமே போகக்கூடாது. நான் சொல்றது கானுக்குள்ள வழிஞ்சு ரோட்ட மூடுற முழங்கால் உசர மண்ணு.

பிளேட் தூக்குற வேலைய கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதுலதான் நெறைய பேர் கயிற வீணாக்குறாங்க. கனடா, அமெரிக்கா பக்கம் இது ரொம்ப சாதாரணம், நாலு சக்கர ஏடிவி பைக்குக்கு முன்னால பிளேட் மாட்டி வாசல்ல விழுந்த ஸ்னோவ தள்ளுவாங்க, பிளேட்ட தூக்குறது 2,500, 3,000 ராத்தல் சின்ன வின்ச். அங்கயும் கேபிளா ரோப்பான்னு இதே சண்டைதான் ஓயாம நடக்குது. நமக்கு ஸ்னோ இல்ல, நுவரெலியால தை மாசம் விடியக்காலைல புல்லு மேல வெள்ளையா படியிறதோட சரி, ஆனா கயிறுக்கு நடக்கிறது ஒண்ணுதான். பிளேட்டோட பாரம் பெருசா ஒண்ணுமில்ல. கயிறு ஓடுற தூரமும் ஒரு முழம். ஆனா ஒரு நாள் வேலையில நூத்துக்கணக்குல ஏத்தி எறக்குவீங்க, ஒவ்வொரு தடவையும் அதே ஒரு முழம்தான் அதே ரோலர் மேல மடிஞ்சு நிமிருது. கம்பின்னா உள்ள இருக்க மெல்லிசு கம்பி ஒவ்வொண்ணா களைச்சு ஒடையும். சிந்தெடிக்னா அந்த எடம் தட்டையாகி, மண்ணு ஏறி, பிசிறு தட்டி மெலிஞ்சு போகும். எந்தக் கயிறு போட்டாலும் அந்த ஒரு முழம் மட்டும் மிச்சத்த விட சீக்கிரம் செத்துரும்.

இன்னொண்ணு, பிளேட் மேல முட்டின பெறகும் சுவிச்ச விடாம அமுக்குனா வின்ச்சுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு டன் கணக்குல இழுக்கும், கயிறு அறும் இல்லாட்டி பிரெக்கட் வளையும். அதனால கொக்கிக்கு பின்னால ஃபெயார்லீட்டுல (கயிறு வின்ச்ச விட்டு வெளிய வர்ற வாய்) முட்டுற மாதிரி தடிப்பான ரப்பர் ஸ்டொப்பர் ஒண்ணு போடுங்க, முட்டுறப்ப கண்ணுக்கு தெரியும், கைய எடுக்கலாம். அது வின்ச்ச நிப்பாட்டாது, உங்கள நிப்பாட்டும்.

என் முடிவு இதுதான். வண்டி இழுத்து எடுக்கிறதுதான் பிரதான வேலைன்னா சிந்தெடிக். கட்டை இழுக்கிறது, கல்லு மேலயும் மண்ணு மேலயும் கயிறு தேயத் தேய வேலைன்னா கம்பி. பிளேட் மட்டும்னா நீளக் கயிறே வேணாம், ட்ரம்முல (கயிறு சுத்திக்கிற உருளை) அஞ்சு சுத்து நிக்கிற அளவோட ரெண்டு மூணு மீட்டர் கூட இருக்க மாதிரி ஒரு துண்டு கம்பி கேபிள், தேஞ்சா கழட்டி வீசிட்டு அடுத்தது. ரெண்டும் ஒரே வின்ச்சுலன்னா சிந்தெடிக் போட்டுட்டு, பிளேட் மாட்டுற காலத்துல கயிறுல முன்னால இருக்க ஒரு மீட்டருக்கு தடிச்ச உறை ஒண்ணு மாட்டுங்க, பருவம் முடிஞ்சோன்ன அந்த முனைய வெட்டிட்டு புதுசா கண்ணு (கொக்கி மாட்டுற வளையம்) பின்னுங்க. சிந்தெடிக்ல பெரிய வசதியே அதுதான், அறுந்தாலும் தேஞ்சாலும் ரோட்டோரமா ஒக்காந்து பின்னிரலாம். கம்பிய அப்பிடி பின்ன கைப்பழக்கம் வேணும், இல்லாட்டி பிரஸ் வச்சிருக்க கராஜ தேடிப் போகணும்.

படி 2: வாங்குறதுக்கு முன்ன உங்க வின்ச்ச நல்லா பாருங்க

வின்ச்சுல அடிச்சிருக்க தகட்டுல உள்ள இழுவை அளவ எழுதிக்கோங்க. வண்டியோட முழுப் பாரத்த விட ஒண்ணரை மடங்கு இருக்கணும்ங்கிறது பொதுவான கணக்கு. அப்புறம் ஒரு விசயம் நெறைய பேருக்கு தெரியாது, அந்த அளவு ட்ரம்மோட மொதல் அடுக்குக்குத்தான். கயிறு மேல மேல சுத்த சுத்த இழுவை கொறையும், நாலாவது அடுக்குல பாதிக்கு கொஞ்சம் மேல வந்து நிக்கும். அதனால தேவைக்கு மேல நீளமா கயிறு வாங்கி ட்ரம்ம நெப்பாதீங்க.

அடுத்தது பிரேக் எங்க இருக்குன்னு பாருங்க. இதுதான் சிந்தெடிக் போடலாமா கூடாதான்னு தீர்மானிக்கிற எடம். இப்ப வர்ற கூடுதலான வின்ச்சுங்கள்ள பிளனெட்டரி கியர் (நடுப் பல்லுச்சக்கரத்த சுத்தி சின்னச் சக்கரங்க ஓடுற வகை), பிரேக் ட்ரம்முக்கு உள்ளயே ஒளிஞ்சிருக்கும். மேல இழுக்கிறப்ப பரவாயில்ல. ஆனா நம்ம பக்கம் வண்டிய கீழ எறக்குற வேலையும் வருதே, மேல் ரோட்டுல நிக்கிற வண்டிய வின்ச்ச பிடிச்சு மெதுவா கீழ் ரோட்டுக்கு விடுறது, அப்ப பிரேக் தேஞ்சுக்கிட்டே இருக்கு, ட்ரம் சூடேறுது, அந்த சூடு நேரா அடியில இருக்க மொதல் சுத்துக்கு போகுது. சிந்தெடிக்ங்கிறது ஒரு வக பொலித்தீன்தான், 145 பாகை கிட்ட உருகியே போகும், 70 பாகை தாண்டினாலே பலம் கொறைய ஆரம்பிச்சிரும். கம்பிக்கு அந்த சூடு தூசு. அதனால எறக்குற வேலை அடிக்கடி வருதுன்னா, வோம் கியர் (திருகாணி மாதிரி தண்டு பல்லுச்சக்கரத்த சுத்துற வகை) வின்ச் இல்லாட்டி பிரேக் ட்ரம்முக்கு வெளிய இருக்க வின்ச் பாருங்க, இல்லையா கம்பியே போடுங்க. மிச்சவங்க ட்ரம்முல மொதல் அடுக்குக்கு சூடு தாங்குற உறையோட வர்ற ரோப் வாங்குங்க, எறக்குறப்ப கொஞ்சம் விட்டு நிப்பாட்டி ஆற விட்டு பெறகு விடுங்க.

படி 3: கம்பி நம்ம மலையில எப்பிடி

கம்பிக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது, கல்லுல உரசினா உடனே அறாது, கவனிக்காட்டியும் கொஞ்ச காலம் ஓடும், வெலையும் கொறவு. தோட்டத்துல நாலு ட்ரைவர் மாறி மாறி பாவிக்கிற வண்டிக்கு, யாரு கழுவுனா யாரு காய வச்சான்னு ஒரு கணக்கும் இல்லாத வண்டிக்கு, நான் கம்பிதான் சொல்லுவேன்.

எதிரி ஈரம். வைகாசில தொடங்குனா ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மாசக்கணக்குல மழையும் மிஸ்ட்டும், கேபிள் காயவே காயாது. மேல பாத்தா பளபளன்னு இருக்கும், ட்ரம்ம விட்டு முழுசா கழட்டிப் பாத்தா அடி அடுக்கு செங்கல் நெறம். அடுத்த பிரச்சன பாரம், 28 மீட்டர் 9.5 மில்லி கேபிள் 10 கிலோ வரும், அதே நீளம் சிந்தெடிக் ஒண்ணரை ரெண்டு கிலோ. பத்து கிலோ என்ன பெருசான்னு கேப்பீங்க. ராத்திரி மழையில, வழுக்குற சரிவுல, கான் தாண்டி, கால்ல அட்டை ஏற ஏற, கொக்கிய இழுத்துக்கிட்டு மேல இருக்க மரத்துக்கு ஏறிப் பாருங்க, பெறகு சொல்லுங்க.

அதோட கம்பி மடங்கி முறுக்கு விழுந்தா அந்த எடம் முடிஞ்சுது, நிமித்துனாலும் பலம் திரும்பி வராது. ஒடைஞ்ச மெல்லிசு கம்பி முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், வெறுங்கையில ஓடுற கேபிள பிடிச்சா உள்ளங்கை கிழிஞ்சுரும், துணிக் கையுறை அதுல மாட்டி கையோட ட்ரம்முக்குள்ள இழுத்துட்டு போகும். தடிச்ச தோல் கையுறை, அதுவும் கேபிள் கைக்குள்ள வழுக்காம கைமாத்தி கைமாத்தி பிடிக்கணும்.

பழைய தோட்டங்கள்ள கொழுந்து மூட்டைய மலையில இருந்து கம்பியில விட்ட காலத்து வயர் சுருள் எங்கயாவது கெடந்தா, அத எடுத்து வின்ச்சுல போடலாமான்னு கேக்குறவங்களும் இருக்காங்க. வேணாங்க. அது நீட்டி நிமிந்து நிக்கிறதுக்கான கம்பி, சின்ன ட்ரம்முல வளைஞ்சு சுத்துற கம்பி வேற, அதுல ஒவ்வொரு புரியிலயும் 19 மெல்லிசு கம்பி இருக்கும், அதனாலதான் வளையும்.

படி 4: சிந்தெடிக் நம்ம மலையில எப்பிடி

லேசு, கைக்கு மெது, துரு இல்ல, தண்ணியில மெதக்கும். அறுந்தாலும் கம்பி மாதிரி சாட்டையா வீசாது, கனம் கொறவு, நீளுறதும் கொறவுங்கிறதால. ஆனா இத தப்பா வெளங்கிக்கிட்டு ரோப் பக்கத்துலயே நிக்கிறாங்க சில பேர். கயிறு அறாம ஷெக்கிளோ (கயிற, பெல்ட்ட கோக்குற இரும்பு வளையம்), வண்டியில மாட்டுன கொக்கியோ பிச்சுக்கிட்டு வந்தா அந்த இரும்புத் துண்டு கயிறோட சேந்து பறந்து வரும், அதுக்கு கயிறு கம்பியா நூலான்னு தெரியாது.

இதுக்கு எதிரி உரசலும் வெயிலும் மணலும். மலையில வெயில் கொறவுன்னு நெனைப்பம், உசரத்துல ஊதாக்கதிர் கூடத்தான் விழும், ட்ரம்முக்கு ஒரு கவர் தைச்சுப் போடுங்க. மண்ணுல இருக்க சின்ன குருணிக்கல்லு புரிக்குள்ள போய் ஒக்காந்து ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளுக்குள்ளயே அறுக்கும். அதனால சேத்து வேலை முடிஞ்சா வாளித் தண்ணியில முக்கி, கையால பிசைஞ்சு, அழுக்கு போற வரைக்கும் அலசி, நிழல்ல காயப் போடுங்க. அடுப்புக்கு மேல கட்டி காய வைக்காதீங்க, நம்ம வீடுகள்ள ஈர உடுப்புக்கு செய்ற பழக்கம், கயிறுக்கு அது ஆகாது.

ரோட்டு விளிம்புதான் உண்மையான சோதனை. வண்டி கீழ தேயிலைக்குள்ள கெடக்கு, நீங்க மேல ரோட்டுல நிக்கிறீங்க, கயிறு ரோட்டோர கல்கட்டு மேல மடிஞ்சு கீழ போகுது. கம்பின்னா கல்லுல கோடு விழும். சிந்தெடிக்னா, லோட் ஏறின நெலையில அந்த கூரான கல்லு கத்திதான், ஒரே இழுப்புல போயிரும். அதனால விளிம்புல பழைய டயர் துண்டு, இல்லாட்டி தீயணைப்பு ஹோஸ் துண்டு வெட்டி உறையா மாட்டுங்க, ஒண்ணுமே கெடைக்காட்டி ரெண்டு மூணு உரபேக்க மடிச்சு வைங்க, கொஞ்சம் இழுத்துட்டு நிப்பாட்டி உறை நகந்துருச்சான்னு பாத்து திரும்ப இழுங்க. இவ்வளவு பொறுமை எனக்கில்லன்னு நெனைக்கிறவங்களுக்கு கம்பிதான் சரி, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

படி 5: கடையில ஏமாறாம இருக்க

கொழும்புல ஸ்பெயார் பார்ட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தைல இருந்து ஒன்லைன் வரைக்கும் எல்லா எடத்துலயும் சிந்தெடிக்னு பேர் போட்டு பலதும் விக்கிறாங்க. ஹாட்வெயார் கடை நீலக் கயிறும் நைலோன் கயிறும் வின்ச்சுக்கு ஆகாது, நைலோன் ரப்பர் மாதிரி நீண்டு, அறுந்தா திருப்பி அடிக்கும். நமக்கு வேண்டியது டைனீமா, ஸ்பெக்ட்ரா மாதிரி பேர்ல வர்ற வகை, பன்னெண்டு புரி வெறும் பின்னல். கையில தேச்சா மெழுகு தடவுன மாதிரி வழுக்கும். ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி தண்ணியில முக்கி நல்லா பிசைஞ்சு காத்த எடுத்துட்டு விட்டுப் பாருங்க, முழுகுனா அது பொலியெஸ்டர் இல்லாட்டி நைலோன், அங்கயே குடுத்துட்டு வந்துருங்க. மெதந்தா மட்டும் நம்பிராதீங்க, அந்த நீலக் கயிறு வகையும் மெதக்கும், ஆனா அது மொறமொறன்னு இருக்கும், இந்த வழுக்கல் அதுல வராது. அறுபடுற பலம் எழுதின பேப்பர் இல்லாம விக்கிற ரோப் வேணவே வேணாம்.

சின்ன வின்ச்சுக்கு 5, 6 மில்லி, 9,500 ராத்தலுக்கு 9.5, 10 மில்லி. கூடுதலா மொத்தம் போட்டா நல்லதுன்னு நெனைச்சா ட்ரம்முல நீளம் கொள்ளாது.

படி 6: ஃபெயார்லீட்

கம்பிக்கு நாலு ரோலர் உள்ளது. சிந்தெடிக்குக்கு வழவழன்னு இருக்க அலுமினியம் ஒற்றை வாய். கம்பி ஓடின பழைய ரோலரோட சிந்தெடிக் போட்டீங்கன்னா கம்பி போட்ட பள்ளத்துல இருக்க பிசிறு புதுக் கயிற வாரத்துலயே மேஞ்சிரும். ட்ரம்மையும் விரலால தடவிப் பாருங்க, எங்கயாவது கீறுனா மெல்லிசு எமரிப் பேப்பர் போட்டு தேயுங்க. நைலோன் துணி ஒண்ணால தொடைச்சுப் பாக்கலாம், நூல் மாட்டுற எடம் எல்லாம் இன்னும் தேய்க்கணும்.

படி 7: சுத்துறது

புதுக் கயிற கையால சும்மா சுத்தி விட்டா மொதல் பெரிய இழுப்புலயே மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள பொதைஞ்சு சிக்கிக்கும். முழுசா இழுத்து விட்டு, லேசான ஏத்தம் உள்ள ரோட்டுல ஒரு மரத்துல மாட்டி, வண்டிய நியூட்ரல்ல வச்சு, ஒருத்தர் பிரேக்க லேசா தொட்டுக்கிட்டு இருக்க வின்ச்சாலயே வண்டிய இழுத்து சுத்துங்க. அந்த இறுக்கத்துல வரிசையா ஒக்காரும். ட்ரம்முல எப்பவும் கம்பின்னா அஞ்சு சுத்து, சிந்தெடிக்னா வழுக்கும், பத்து சுத்து மிச்சம் இருக்கணும், ட்ரம்முல மாட்டுற சின்ன ஸ்க்ரூ லோட் தாங்குறதுக்கு இல்ல. அந்த எடத்துல பெயின்ட் ஒண்ணு தடவி வச்சுட்டா பெயின்ட் தெரிஞ்சோன்ன நிப்பாட்டலாம்.

சிந்தெடிக்ல முடிச்சு போடக்கூடாது, பலம் பாதிக்கு போயிரும். கண்ணு பின்னுறப்ப உள்ள விடுற முனை கயிறு மொத்தத்த போல 72 மடங்கு நீளம், 10 மில்லிக்கு 72 சென்டிமீட்டர், நுனிய மெலிசாக்கி விடணும். கம்பியில யூ கிளாம்ப் போடுறதுன்னா மூணு போடுங்க, யூ வளைவு வெட்டுன முனை பக்கம், நட்டு இறுகுற அடிக்கட்டை லோட் வர்ற பக்கம். இத மாத்திப் போட்டிருக்கத கராஜ்லயே பாக்கலாம்.

படி 8: இழுக்கிற நேரம்

மரத்துல கயிற சுத்தி கொக்கிய அதே கயிறுல மாட்டாதீங்க, ரெண்டு வகைக்கும் கேடு, மரத்துக்கும் கேடு. அகலமான பெல்ட் ஒண்ணு சுத்தி ஷெக்கிள்ள மாட்டுங்க. நல்ல வேர் உள்ள டர்பன்டைன், சவுக்கு மரம் பாருங்க, அடிப்பக்கமா கட்டுங்க. தேயிலைச் செடி, கல்கட்டு, லைட் போஸ்ட் இதெல்லாம் மரம் இல்ல. பாரம் கூடன்னா கப்பி ஒண்ணு போட்டு ரெட்டை வடமா இழுங்க, வேகம் பாதி, இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கயிறுக்கும் பாரம் பாதி. எஞ்சின ஓட விட்டே இழுங்க, பெரிய வின்ச் முழு லோட்ல பெட்டரில இருந்து 400 அம்பியர் கிட்ட உறிஞ்சும்.

கயிறு நடுவுல ஈரச் சாக்கு ஒண்ணு போடுங்க, கம்பின்னா கட்டாயம். அப்புறம் சனம். வண்டி எறங்குனா லயத்துல இருக்க சின்னப் பிள்ளையில இருந்து பெரியவர் வரைக்கும் வந்து நிப்பாங்க, உதவி செய்ற மனசு உள்ளவங்க, கை வைக்கத்தான் பாப்பாங்க. "அண்ணே, தள்ள வேணாம், மேல் வளைவுக்கு போய் நில்லுங்க"ன்னு மொதல்லயே சொல்லிருங்க. விட்டிருக்க கயிறு நீளத்த போல ஒண்ணரை மடங்கு தூரத்துக்குள்ள யாரும் நிக்கக்கூடாது, லோட்ல இருக்க கயிற யாரும் தாண்டக்கூடாது.

படி 9: எப்ப வீசுறது

கம்பியில ஒரு முறுக்கு முழுசா சுத்தி வர்ற நீளத்துக்குள்ள ஆறு கம்பி ஒடைஞ்சிருந்தா, இல்லாட்டி ஒரே புரியில மூணு ஒடைஞ்சிருந்தா அந்தக் கேபிள் முடிஞ்சுது, கிரேன் வேலைக்காரங்க பிடிக்கிற கணக்கு அது, நமக்கும் பொருந்தும். முறுக்கு விழுந்தது, கூடு மாதிரி உப்புனது, ஒரு எடம் மட்டும் மெலிஞ்சது எல்லாம் அப்பிடியே. நல்லா இருக்கத மாசம் ஒரு தடவ முழுசா கழட்டி, தொடைச்சு, லேசா ஒயில் பிடிச்ச துணியால உருவி விட்டு சுத்துங்க, க்ரீஸ் அள்ளி அப்புனா மண்ணுதான் ஒட்டும்.

சிந்தெடிக்ல மேலாக பஞ்சு மாதிரி பிசிறு வர்றது பயப்பட ஒண்ணுமில்ல, அது உள்ள இருக்கதுக்கு உறை மாதிரி. ஒரு புரி முழுசா அறுந்திருந்தா, கால்வாசி தேஞ்சிருந்தா, இல்ல ஒரு எடம் பளபளன்னு கண்ணாடி மாதிரி இறுகி விரலால நசுக்கியும் மெதுவாகாட்டி அது உருகின எடம், வெட்டி எறியணும். அந்த எடம் முனையில இருந்தா வெட்டிட்டு கண்ணு பின்னிக்கலாம், நடுவுலன்னா வெட்டி ரெண்டையும் சேத்து பின்னணும், அடி சுத்துலன்னா பிரேக் சூட்ட பத்தி படி 2ல சொன்னத திரும்ப பாத்துட்டு அடுத்த கயிற வாங்குங்க.